‘இல்லை’ என்றால் திரும்பிப் போகாத வாசகர்

நடுவர் அவர்களே, வாங்குகளில் இடமில்லாமல் வாசலில் சைக்கிள் கரியரில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் ஊரவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வாசிப்பு மாதத்துக்காக நம் வாசிகசாலை வைத்திருக்கும் தலைப்பு: ‘எண்ணிமத் தொழில்நுட்பம் நூலக வாசகரை வளர்த்ததா, கெடுத்ததா?’ எண்ணிமம் என்றால் டிஜிட்டல். வளர்த்தது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் எனக்குப் பத்தாம் ஆண்டில் தமிழ் படிப்பித்த சேர். அன்றைக்குப் பிரம்பு அவர் கையில் இருந்தது. இன்றைக்கு மைக் என் கையில் இருக்கிறது. பத்து நிமிடம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் சேர்.

சேர் என்ன சொன்னார்? “எங்கட காலத்தில் ஒரு புத்தகத்துக்குப் பெயர் எழுதிவைத்துவிட்டு மூன்று கிழமை காத்திருந்தோம். காத்திருந்ததால் அதன் அருமை தெரிந்தது. இப்பத்தைய பிள்ளையளுக்கு மூன்று நிமிடம் பொறுமையில்லை” என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

ஆனால் நடுவர் அவர்களே, நான் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு சின்ன நூலகத்தில் இரவல் மேசைக்குப் பின்னால் இருக்கிறவள். பெயர் எழுதிவைத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் திரும்பி வந்தவர்களைத்தான் சேருக்கு ஞாபகம் இருக்கிறது. திரும்பி வராதவர்களை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போனவர், கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், கல்யாணம் முடித்து ஊர் மாறிய பிள்ளை. புத்தகம் வந்தபோது அவர்கள் இல்லை. காத்திருப்பதற்கும் வசதி வேண்டும் என்று அந்தக் கொப்பியைப் புரட்டும்போதெல்லாம் நினைப்பேன்.

என் கதையையும் சொல்கிறேன். 90களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தொடர்கதைப் புத்தகம் படித்தேன். ஊரெல்லாம் கைமாறி வந்த புத்தகம், கடைசி எட்டுப் பக்கம் இல்லை. யாரோ கிழித்ததா, கறையான் தின்றதா தெரியாது. அந்தப் பெண் வீட்டை விட்டுப் போனாளா, இருந்தாளா என்று கேட்க ஆளில்லை. பதினெட்டு வருடம் கழித்து அதே புத்தகத்தின் ஸ்கான் பிரதி போனில் அகப்பட்டது. இரவு பதினொரு மணிக்கு அந்த எட்டுப் பக்கத்தையும் படித்தேன். முடிவு சரியில்லை, நான் மனதில் வைத்திருந்த முடிவு நல்லாயிருந்தது. அது வேறு விசயம். ஆனால் பதினெட்டு வருடம் நான் காத்திருந்தது புத்தகத்தின் அருமை தெரிந்தா? வேறு வழியில்லாமல்தானே!

இப்போது எதிரணியிடம் ஒரு கேள்வி. உடனே வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கைபேசிதான் கொண்டுவந்ததா? 1931ல் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலக விஞ்ஞானம் படித்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அதே ரங்கநாதனிடம்தான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கட்டும்போது நம் ஊர்க்காரர்கள் ஆலோசனை கேட்டார்கள். 1933ல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிவைத்த முயற்சி, 1959ல் சுப்பிரமணியம் பூங்காவுக்கு எதிரே அந்த வெள்ளைக் கட்டடமாக எழுந்து நின்றது. ஆக, மூன்று நிமிடத்தில் கேட்கும் பிள்ளை நூலகத்தின் விதியை மீறவில்லை. நாங்கள்தான் அந்த விதியைச் சுவரில் மாட்டிவிட்டு, வாசகரை அட்டைப் பெட்டிக்கு முன்னால் நிற்க வைத்தோம்.

அட்டைப் பெட்டி தெரியும்தானே? சின்னச் சின்ன இழுப்பறை, உள்ளே புத்தகத்துக்கு ஒரு அட்டையாக அகரவரிசையில் அட்டைகள். பழைய ஏடுகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையைச் ‘சி’யில் தேடுவதா, ‘தா’வில் தேடுவதா? ஒரு நூலகத்தில் அப்படி, இன்னொன்றில் இப்படி. தெரியாத பிள்ளை கூச்சப்பட்டுக் கேட்காமலே போய்விடும். இன்றைக்கு அந்தப் பிள்ளை தாமோதரம்பிள்ளையின் ஊரான ‘சிறுப்பிட்டி’ என்று அடித்தாலும் அவரிடம் போய்ச் சேரலாம். இதைச் சோம்பல் என்கிறீர்கள். முன்பு தலைப்போ ஆசிரியரோ தெரிந்தவனுக்கு மட்டும் திறந்த கதவு இப்போது ஒரு சொல் மட்டும் தெரிந்தவனுக்கும் திறக்கிறது.

எதிரணித் தம்பி சொன்னார், முழுப் புத்தகம் படிக்கும் பழக்கம் போய், தேடி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள் என்று. தம்பி பல்கலைக்கழக மாணவர், அந்தக் குறிப்பையும் போனைப் பார்த்துத்தான் வாசித்தார். அதை விடுவோம். உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது அரும்பத அகராதியும் சேர்த்தே கொடுத்தார். எதற்கு? வேண்டிய இடத்துக்கு வாசகர் நேரே போய்ச் சேரட்டும் என்றுதான். தேடிப் படிப்பது என்பது படிப்பில் ஒரு வகை, தம்பி. அகராதியை யாராவது ‘அ’வில் தொடங்கி முடிவு வரைக்கும் படித்தோமா?

இனி, யாழ்ப்பாணத்தில் நின்று நூலகம் பற்றிப் பேசுகிறவர் தாண்டிப் போக முடியாத இடத்துக்கு வருகிறேன். 1981 மே 31 இரவு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த இரவு. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும். தீயைப் பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். இதை எதிரணியும் சொன்னது, புத்தகத்தின் அருமை தெரிந்த சமூகம் என்று காட்டுவதற்காக. நான் வேறொன்றைக் கேட்கிறேன். அன்றைக்கு எரிந்த ஒவ்வொன்றுக்கும் இன்னொரு படி எங்காவது இருந்திருந்தால்?

வேறு நாடுகளில் வாசகர்கள் தொழில்நுட்பத்திடம் முதலில் கேட்டது வேகத்தை. நம் ஊர் வாசகர் முதலில் கேட்டது ‘இதுக்கு இன்னொரு படி இருக்கோ?’ என்பதைத்தான். இந்த வேறுபாட்டை நான் இரவல் மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். பழைய புத்தகம் ஒன்றைக் கையில் வாங்கியதும் சில வயதானவர்கள் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை ஸ்கான் பண்ணி வைச்சிட்டியளோ பிள்ளை?” என்று கேட்பார்கள். கதை என்ன, யார் எழுதியது என்பதெல்லாம் பிறகுதான்.

இது புதிதுமில்லை. ஓலையைச் செல் அரிக்கும் முன் படியெடுப்பது நம் முன்னோரின் வழக்கம். ஏட்டைத் தொட்டால் உதிர்கிறது என்று பதிப்புரையில் கலங்கினார் தாமோதரம்பிள்ளை. அந்தப் பதைப்போடுதான் அவர் ஓலையைத் தாளுக்கு மாற்றினார். தாளைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். 1998ல் மதுரைத் திட்டம் தொடங்கியபோது வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் வைப்பதற்காகச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். 2005ல் நம்மவர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஒரு இணைய நூலகம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே ஏறியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இலக்கியம் இல்லை, கல்வெட்டு. கோயில் கல்வெட்டு இல்லை, செத்தவீட்டுக் கல்வெட்டு! முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனால் கையில் தருவார்களே, இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், வம்சாவளி எல்லாம் போட்ட அந்தச் சின்னப் புத்தகம். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைப்போம், மழைக்காலத்தில் பூச்சி தின்னும். எந்த நூலகத்திலாவது அதற்கு ஒரு தட்டு இருந்ததா? நானே வாங்க மறுத்திருக்கிறேன். “இது நூல் இல்லை ஐயா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு நினைவு மலர்கள் என்று அவையும் இணையத்தில் இருக்கின்றன. ரொறன்ரோவில் பிறந்த ஒரு பிள்ளை, அப்பம்மாவின் அப்பா எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார் என்று அதில்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துவிட்டு எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினாள்: “அன்ரி, அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் உங்களிட்ட இருக்கா?”

முன்பு எங்கள் நூலகத்துக்கு வாசகர் என்றால் மூன்று மைல் சுற்றுவட்டம். இந்தப் பிள்ளை எங்களிடம் அங்கத்துவம் எடுக்கவில்லை, படலைக்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் அவள் என் வாசகர். எது நூல், யார் வாசகர் என்ற இரண்டு கேள்விக்கும் இருபது வருடத்துக்கு முன் நான் சொன்ன விடை பிழை. திருத்தியது வாசகர்கள்தான்.

சரி, எதிரணி சொன்னதெல்லாம் பொய்யா? இல்லை. வாசிப்பு மண்டபத்துக்கு வருகிற உயர்தரப் பிள்ளைகள் முதலில் தேடுவது புத்தகத் தட்டை இல்லை, பிளக் பொயின்ரை. ரியூசன் நோட்ஸை விரித்துவைத்துப் படித்துவிட்டு, எங்கள் புத்தகம் ஒன்றையும் தொடாமலே போகிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் படிக்க மேசையும் அமைதியும் இல்லாத பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பது அதுதான் என்றால், அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. போனில் நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் சேர்த்துவிட்டு ஒன்றையும் திறக்காதவர்கள் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. கண்ணாடி அலுமாரியில் புத்தகம் வாங்கி அடுக்கிப் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

எதிரணி சொல்லாமல் விட்ட ஒரு குறையை நானே சொல்கிறேன். தேடலில் வராதது உலகத்திலேயே இல்லை என்று பிள்ளைகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். போன மாதம் ஒரு மாணவி வந்தாள். தன் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் இல்லை என்று அடித்துச் சொன்னாள். இருந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிய கோப்பு அது. இன்றைக்கு எல்லோரும் பாவிக்கிற பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் தேடினால் அதற்குள் இருக்கிற தமிழ், தமிழாகவே தெரியாது. இன்னொன்று வெறும் படமாக ஸ்கான் செய்த பழைய மலர், அதற்குள் சொல் தேட முடியாது. இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நன்றி சொல்லிவிட்டு, “அக்கா, இதை நான் யூனிகோட்டுக்கு மாற்றித் தரட்டா?” என்று கேட்டாள். கெட்டுப்போன வாசகர் கேட்கிற கேள்வியா இது, நடுவர் அவர்களே?

பிறகு தம்பி ஒரு வெடி போட்டார்: “கரண்ட் போனால் உங்கள் நூலகம் எங்கே?” நல்ல கேள்வி. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்கள் மண்டபமும் இருட்டுத்தான். அதே மாதத்தில் தாளுக்கும் தட்டுப்பாடு, பத்திரிகைகள் மெலிந்தன, நாட்டில் சில பதிப்புகள் நின்றும் போயின. கரண்ட் இருந்த நேரத்தில் இறக்கி வைத்த நூலைப் பிள்ளைகள் இருட்டில் போன் வெளிச்சத்தில் படித்தார்கள். ஜாம் போத்தலைவிட அந்த வெளிச்சம் கண்ணுக்கு நல்லது என்று சொல்லமாட்டேன்.

லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தை 2023 ஒக்டோபரில் இணையத் திருடர்கள் முடக்கினார்கள். அவ்வளவு பெரிய நூலகத்தின் பட்டியல் அடுத்த ஜனவரியில்தான் இணையத்துக்குத் திரும்பியது. எண்ணிமமும் எரியக்கூடியது என்று சேர் இதை வைத்து அடுத்த சுற்றில் என்னை அடிப்பார், எனக்குத் தெரியும். அடியுங்கள் சேர். ஆனால் தாளில் இருந்ததால் 1981ல் நாம் தப்பினோமா? ஒரே இடத்தில் ஒரே படி வைத்தால் தாளும் போகும், வன்தட்டும் போகும்.

மணி ஒருதரம் அடித்துவிட்டது. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

இந்த வாசிகசாலைக்கு வாடிக்கையாக ஒரு அப்பு வருவார். விடிய ஆறரைக்கு, பேப்பர்காரனுக்கு முன்னமே வந்து நிற்பார். முதலில் மரண அறிவித்தல் பக்கம், பிறகுதான் நாட்டு நடப்பு. கண் மங்கத் தொடங்கியதும் வில்லைக்கண்ணாடியோடு வந்தார். பிறகு அதுவும் சரிவரவில்லை, வருவதையே நிறுத்திவிட்டார். பேத்தி போனில் பத்திரிகையை எடுத்து, இரண்டு விரலால் எழுத்தைப் பெருப்பிக்கப் பழக்கிவிட்டாள். இப்போது திரும்பவும் வருகிறார், போனோடு. போன கிழமை என்னைக் கூப்பிட்டு, ஒரு பெயரைக் காட்டி, “இவன் என்னோட படிச்சவன். படிக்கேக்க ஒருக்கா பேப்பரில இவன்ர கவிதை வந்தது. அறுபத்திரண்டிலயோ அறுபத்துமூன்றிலயோ. அந்தப் பேப்பரும் இதுக்குள்ள இருக்கோ பிள்ளை?” என்று கேட்டார்.

முன்பென்றால் ‘இல்லை அப்பு’ என்று நான் சொல்லியிருப்பேன், அவரும் போயிருப்பார். அன்றைக்கு ஒன்பதரை வரைக்கும் இருவரும் தேடினோம். 62ல் இல்லை. 63ஐ நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இரண்டாவது மணியும் அடிக்கிறது, நடுவர் அவர்களே. வணக்கம்.