பத்துக் கிலோ குழந்தைக்கு எத்தனை மில்லி?

[காட்சி: தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் வார்டில் எடை மெஷின்.]

பெரியவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, முடிந்தது. குழந்தைக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் மருந்து. அதனால் அட்மிஷன் போட்டதும் எடை பார்ப்பார்கள். "போன மாசம் அங்கன்வாடியில பாத்தோம் சிஸ்டர், அதையே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிடாதீர்கள். பேதியோடு வந்த பிள்ளைக்கு எடை இறங்கியிருக்கும்.

[காட்சி: மேசையில் பெரிய பாட்டில் ஒன்று, சின்ன பாட்டில் ஒன்று. லேபிள் நெருக்கத்தில்.]

இரண்டும் பாராசிட்டமால்தான். பெரியது சிரப்: 5 மில்லியில் 125 மில்லிகிராம். சின்னது ட்ராப்ஸ்: ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். கைக்குழந்தை மருந்துதானே, வீரியம் கம்மியாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் நாலு மடங்கு அதிகம்!

10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதினால் இந்த சிரப்பில் 6 மில்லி, ட்ராப்ஸில் ஒன்றரை மில்லி. மாற்றி, ட்ராப்ஸில் 6 மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அளவு மீறினால் அடி வாங்குவது ஈரல். 5 மில்லியில் 250 உள்ள சிரப்பும் கடையில் கிடைக்கிறது. அதில் 3 மில்லி போதும். ஆக, "ஆறு மில்லி கொடுத்தேன்" என்றால் டாக்டருக்குப் பாதிதான் புரியும்.

[காட்சி: 108 ஆம்புலன்ஸ். அம்மாவின் கட்டைப்பையில் மருந்து பாட்டில்.]

பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ கிளம்பும்போது, வீட்டில் கொடுத்த பாட்டிலையே எடுத்து வந்துவிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும். சில சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கிறது. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்டு விழலாம், விழட்டும்.

[காட்சி: இரவு. வார்டு. டிரிப்ஸ் ஏறுகிறது.]

ராத்திரி உடம்பு சுட்டால் பையிலிருக்கும் பாட்டிலைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால் டிரிப்ஸ் வழியாகவே ஏற்கெனவே போயிருக்கலாம். சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட வந்தால் பிள்ளையின் முழுப்பெயரைச் சொல்லி, "இது எதுக்கு சிஸ்டர்?" என்று கேளுங்கள். முன்பு ஏதாவது மருந்தில் தடிப்பு வந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

[காட்சி: டிஸ்சார்ஜ். சிரிஞ்சில் பேனாவால் கோடு.]

வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, எதுவரை இழுக்க வேண்டும் என்று சிஸ்டரிடமே கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பகலில் பிள்ளையைப் பாட்டிதான் பார்த்துக்கொள்வார் என்றால், அவரையும் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.