அடித்த காரணி எங்கே போனது? ஒரு விகிதமுறு சார்பின் வரைபடம்

[திரையில் பின்னம். தொகுதி: எக்ஸ் வர்க்கம் − எக்ஸ் − 6. பகுதி: எக்ஸ் வர்க்கம் − 9.]

வணக்கம். இந்தச் சார்பை வரைய, எக்ஸுக்கு வரிசையாக எண்களைப் போட்டு அட்டவணை தயாரிக்க வேண்டாம். முதலில் மேலேயும் கீழேயும் காரணிப்படுத்துங்கள்.

தொகுதியில் எக்ஸ் − 3, எக்ஸ் + 2. பகுதியில் எக்ஸ் − 3, எக்ஸ் + 3.

[இரண்டு இடத்திலும் எக்ஸ் − 3 அடிக்கப்படுகிறது.]

மிஞ்சியது மேலே எக்ஸ் + 2, கீழே எக்ஸ் + 3. இங்கேதான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். அடித்த காரணியை அத்தோடு மறந்துவிடக் கூடாது. கொடுத்த சார்பில் எக்ஸுக்கு 3 போட்டால் மேலும் பூச்சியம், கீழும் பூச்சியம். அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை. ஆகவே வளைவரையில் ஒரு துளை விழுகிறது. எந்த உயரத்தில்? சுருக்கிய வடிவத்தில் 3-ஐப் போடுங்கள்: ஆறில் ஐந்து. அந்த இடத்தில் உள்ளே நிரப்பாத சிறு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடிபடாமல் கீழே தங்கிய காரணி செய்யும் வேலையே வேறு. சுருக்கிய வடிவத்தில் எக்ஸ் −3 ஆகும்போது பகுதி பூச்சியம், ஆனால் தொகுதி −1. கிட்டே போய்ப் பார்ப்போம்.

[−3-ஐச் சுற்றியுள்ள இடம் பெரிதாகிறது.]

வலப்பக்கத்திலிருந்து வந்தால், −2.9-இல் மதிப்பு −9, −2.99-இல் −99. இடப்பக்கத்திலிருந்து வந்தால், −3.1-இல் 11, −3.01-இல் 101. ஒரு பக்கம் பாதாளத்துக்கு இறங்குகிறது, மறுபக்கம் வானத்துக்கு ஏறுகிறது. நடுவே நிற்பது எக்ஸ் = −3 என்ற நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு, அதாவது வளைவரை தொலைவில் போகப்போக நெருங்கிக்கொண்டே இருக்கும் கோடு. இந்த நான்கு எண்களையும் நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

கிடைத் தொலைத்தொடுகோடு எளிது. கொடுத்த சார்பில் மேலும் கீழும் படி 2, முன்னிற்கும் கெழு 1; ஆகவே ஒய் = 1. எக்ஸ் 97 ஆனால் மதிப்பு 0.99, 997 ஆனால் 0.999. சுருக்கிய வடிவத்தில் மேலே இருப்பது கீழே இருப்பதைவிட எப்போதும் 1 குறைவு என்பதால் இந்த வளைவரை 1-ஐத் தொடவே தொடாது. எல்லாச் சார்புக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். எக்ஸை எக்ஸ் வர்க்கம் + 1-ஆல் வகுத்தால் கிடைக்கும் வளைவரை, தன் தொலைத்தொடுகோடான எக்ஸ் அச்சை ஆதிப்புள்ளியிலேயே வெட்டிச் செல்கிறது.

வெட்டுத்துண்டுகள், எக்ஸ் அச்சில் −2, ஒய் அச்சில் மூன்றில் இரண்டு.

[இரண்டு கிளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படுகின்றன.]

இப்போது பென்சிலை எடுங்கள். இடப்பக்கக் கிளை 1-க்குச் சற்று மேலே தொடங்கி, −3-ஐ நெருங்கும்போது செங்குத்தாக ஏறட்டும். வலப்பக்கக் கிளை அடியிலிருந்து எழும்பி, −2-இல் அச்சைக் கடந்து, 1-ஐ நோக்கி மெல்லச் சாயட்டும். எக்ஸ் 3-க்கு வந்ததும் பென்சிலை வட்டத்தின் விளிம்பில் தூக்கி, மறு விளிம்பில் வையுங்கள்.