சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு: ஏரியா சரி, தெரு எப்படி?

வணக்கம் நேயர்களே.

கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மாற்றலாகிச் சென்னைக்கு வருகிற குடும்பங்கள், கையில் நல்ல சம்பளம் இருந்தால், புரோக்கரிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, நல்ல ஏரியாவாப் பாருங்க." அவரும் அண்ணா நகர், அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நீலாங்கரை என்று அடுக்குவார். ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் டிசம்பரில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். இரண்டு தெரு தள்ளிப் போனால் பாதம்கூட நனையாது. வாடகையில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

போட் கிளப், போயஸ் கார்டன் பக்கம் நான் போகவில்லை. அங்கே குடிபோகிறவர்கள் வானொலி கேட்டு முடிவெடுப்பதில்லை.

முதலில் வரிசையைச் சரிசெய்துகொள்வோம். பெரும்பாலானவர்கள் ஏரியாவை முடிவு செய்துவிட்டு, வீட்டைப் பிடித்து, பால் காய்ச்சிய பிறகு பள்ளிக்கூடம் தேடுகிறார்கள். சென்னையில் இது தலைகீழாக நடக்கவேண்டும். பெயர்பெற்ற பள்ளிகளில் எல்.கே.ஜி. தவிர மற்ற வகுப்புகளில் இடம் என்பது யாராவது டி.சி. வாங்கிக்கொண்டு போனால்தான் உண்டு. ஆகவே இரண்டு மூன்று பள்ளிகளில் உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைத்த பள்ளியை நடுவில் வைத்து நாலைந்து கிலோமீட்டர் சுற்றளவில் வீடு பாருங்கள். காலை 8 மணி பள்ளிக்கு, தொலைவில் இருக்கிற பிள்ளையை வேன் ஆறே முக்காலுக்கே ஏற்றிக்கொண்டு போய்விடும்.

வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் இது பிறகு படிப்படியாக விரிவாக்கப்பட்டது. டெல்லியிலோ புனேயிலோ ஆறாவது, ஏழாவது வரை இந்தி படித்த பிள்ளைக்கு, வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி இதை எப்படிக் கையாள்கிறது, தனி வகுப்பு உண்டா, விலக்கு உண்டா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளிமாநில டி.சி.க்குக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டுமா என்பதையும் பழைய ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு அந்தக் கையெழுத்துக்காக மறுபடி ரயில் ஏறவேண்டியிருக்கும்.

அடுத்தது அலுவலகம். வரைபடத்தை நம்பி ஏமாறுகிற இடம் இது. நீலாங்கரையும் துரைப்பாக்கமும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஈ.சி.ஆரில், மற்றது ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில். நடுவில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. காரில் போகிறவர் பெரும்பாலும் வடக்கே திருவான்மியூர் வந்தோ, தெற்கே அக்கரை என்கிற ஊருக்குப் போய்ச் சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலையைப் பிடித்தோதான் சுற்றிக்கொண்டு போகவேண்டும். "ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர்தான்" என்று புரோக்கர் சொன்னால், அது காக்கை பறக்கிற தூரம்.

தரமணி டைடல் பார்க் பக்கம் வேலை என்றால் திருவான்மியூர், இந்திரா நகர், அடையாறு பொருத்தம். பறக்கும் ரயில் திருவான்மியூரில் நிற்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் அண்ணா நகர். கிண்டி என்றாலும் அண்ணா நகர் கைகொடுக்கும்: அண்ணா நகர் கிழக்கு, டவர், திருமங்கலம் என மூன்று மெட்ரோ நிலையங்கள் இருக்கின்றன, ஆலந்தூரில் ரயில் மாறினால் கிண்டி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் அடையாறு மோகத்தை விட்டுவிடலாம். அண்ணா நகரிலிருந்தே ஸ்ரீபெரும்புதூர் 30 கிலோமீட்டருக்கு மேல். கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று கேட்டு, அந்த நிறுத்தத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு பிடியுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் வரப்போகிறது, வாசலிலேயே ஸ்டேஷன் என்று சொல்லி வாடகையைக் கூட்டுவார்கள். நீங்கள் குடியிருக்கப்போவது இந்த வருடம். இன்றைக்கு அந்தத் தெருவில் தடுப்பு வைத்துத் தோண்டியிருக்கிறார்களா என்பதைப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

இனி முக்கியமான விஷயம், தண்ணீர். கோடையில் வராத தண்ணீர், மழையில் வந்து போகாத தண்ணீர் இரண்டையும்தான் சொல்கிறேன்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டன. அப்போது லட்சக்கணக்கில் வாடகை வாங்கிய அடுக்குமாடிகளும் லாரிக்காகக் காத்துக்கிடந்தன. ஒரு குடியிருப்பின் தண்ணீர்க் கணக்கை நீங்களே போடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுகிறவர்கள் வைக்கிற அளவு. 40 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் 160 பேர்; நாளுக்கு 21,600 லிட்டர். போர் என்கிற ஆழ்துளைக் கிணறு வற்றிப்போய், மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத் தண்ணீரும் குறைந்தால், 12,000 லிட்டர் லாரி தினமும் கிட்டத்தட்ட இரண்டு வேண்டும். அந்தச் செலவு உங்கள் மெயின்டனன்ஸில் ஏறும். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, போன ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். நவம்பர் ரசீதைக் காட்டினால் அது பாதிக் கதைதான்.

வாட்ச்மேனிடம் பேசுங்கள். "தண்ணிப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்பார், அவருக்கு அந்தப் பதில்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். "போன மே மாசம் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வந்துச்சு?" என்று கேளுங்கள். எண்ணிக்கை தானாக வாயில் வரும்.

பிறகு குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். ஷவரின் துளைகளிலும் குழாயின் மூக்கிலும் வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தால் உப்புத் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. குளிக்கவும் துணி துவைக்கவும் மட்டும் என்றால் ஆயிரத்தைச் சமாளிக்கலாம். ஆனால் கீசரின் காயில், வாஷிங் மெஷின் இரண்டும் சீக்கிரம் செலவு வைக்கும். சமையலறைக் குழாயிலும் குளியலறைக் குழாயிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மெட்ரோ வாட்டர், மற்றது போர் என்று பல வீடுகளில் இரண்டு லைன் இருக்கும்.

திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரம் முழுக்க மணல் பூமி. மழை பெய்தால் நல்ல தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். தெருவே சேர்ந்து போரை அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும், திரும்ப இறங்க நல்ல மழைக்காலங்கள் சில வேண்டும். ஆகவே அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து காட்டச் சொல்லவேண்டும். 2003-இலிருந்து எல்லாக் கட்டடத்திலும் கட்டாயம். ஆனால் பல இடங்களில் குழாய் இருக்கும், தொட்டிக்குள் சருகும் சிமென்ட் மூட்டையும் கிடக்கும்.

மழைக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாக அரசுக் கணக்கு. அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டது. கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கோட்டூர்புரம் ஏழை ஏரியா அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் மிதந்தன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து சேர்கிற தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலில் சேரவேண்டும். கடல் ஏறியிருக்கும்போது அது வெளியேறாது, பின்னுக்குத் தள்ளும். அதனால் தென்சென்னையில் மழை விட்ட பிறகும் தண்ணீர் மட்டம் ஏறுவது உண்டு.

ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று இவற்றைப் பாருங்கள். சாலை மட்டத்தைவிட வாசல் எவ்வளவு உயரம்? பழைய தெருக்களில் சுரண்டி எடுக்காமலே தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, ஒருகாலத்தில் இரண்டடி உயரத்தில் இருந்த வீடு இன்று சாலைக்குச் சமமாகி நிற்கும். அடுத்து சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் வாய். பார்க்கிங் தரையோடு தரையாக மூடி போட்டிருந்தால், முதல் பெருமழைக்கே சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்துவிடும். மூடியைச் சுற்றி இரண்டடிக்காவது கட்டி உயர்த்தியிருக்கவேண்டும். மின் மீட்டர் பலகை இடுப்புக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால், உங்கள் வீடு நாலாவது மாடியாக இருந்தாலும் கீழே தண்ணீர் நிற்கும் வரை கரண்ட் வராது, மோட்டார் ஓடாது, லிப்ட் ஏறாது. ஜெனரேட்டரும் தரையில்தானே இருக்கிறது? தூண்களில் புதுப் பெயின்ட் ஓர் உயரம் வரை மட்டும் அடித்திருந்தால், அந்தக் கோடு ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் இருப்பாரே, அவரிடம் இரண்டு சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வருடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு எந்த மேட்டுக்குப் போனார் என்று அவர் சொல்வார். புரோக்கரின் வாயில் வராத வெள்ள வரைபடம் அது.

வீடு வாங்குகிற எண்ணத்தோடு வருகிறவர்களும் ஓர் ஐப்பசி, கார்த்திகையை வாடகை வீட்டில் கழித்துவிட்டு வாங்குங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, பணிநிறைவுச் சான்று இந்த மூன்றும் கைக்கு வராமல் டோக்கன் பணம்கூடக் கொடுக்கவேண்டாம். கடலோரமாக இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை வருகிறதா என்பதும் சேர்ந்துகொள்ளும். கடற்காற்று அருமைதான், ஆனால் ஏ.சி.யின் வெளி யூனிட், ஜன்னல் கிரில், கதவுக் கீல் எல்லாவற்றையும் உப்பு தின்னும். அலையோசை கேட்கிற வீட்டில் மராமத்துக்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்பதும் ஈ.சி.ஆரில் தெருவுக்குத் தெரு மாறும்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது; நடைமுறையில் ஆறிலிருந்து பத்து மாதம் கேட்பார்கள், பேசினால் இறங்கும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பெயின்ட் செலவு என்று முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காலி செய்கிறபோது சண்டை பெரும்பாலும் இதில்தான். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கட்டாயம். இங்கே ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், யூனிட் கூடக்கூட விலையும் கூடும். ஓனர் வீட்டோடு ஒரே மீட்டரில் சப்-மீட்டர் வைத்துக் கொடுத்தால் இரண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து மேல் அடுக்கு விலைக்கு ஏறிவிடும், இலவசமும் உங்களுக்கு வராது.

எப்போது பார்ப்பது? பள்ளி ஜூனில் திறப்பதால் ஏப்ரல், மேயில் எல்லோரும் முட்டிமோதுவார்கள், ஓனர் பேரத்துக்கே வரமாட்டார். ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் வீடுகள் பூட்டிக்கிடக்கும். பள்ளிக்கு அவசரமில்லாதவர்கள் ஆடியில் பேசி, வாடகையைக் குறைத்து ஒப்பந்தம் போட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடிபோகலாம். இரண்டு முறை போய்ப் பாருங்கள்: ஒன்று திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, போக்குவரத்துக்காக, இன்னொன்று ராத்திரி ஒன்பதுக்குமேல், தெருவிளக்குக்கும் நாய்களுக்கும் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சத்தத்துக்கும். சாவி வாங்குகிற அன்றே மின் மீட்டர் எண்ணையும், சுவரில் இருக்கிற ஒவ்வொரு ஆணி ஓட்டையையும், சிங்க்கின் கீழ்க் கசிவையும் போட்டோ எடுத்து, ஓனருக்கு அன்றைய தேதியிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.