செவ்வாயிலிருந்து வந்த உடனடிப் பதில்

வணக்கம் நேயர்களே. எழுத்தாளர் என்று அறிவிப்பாளர் என்னை அறிமுகப்படுத்தினார். நன்றி. ஆனால் இன்று நான் பேசப்போவது அச்சில் வராத ஒரு கதையைப் பற்றி. என்னுடைய கதைதான்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒரு தாய் இருக்கிறாள். மகன் செவ்வாய்க் கிரகத்தில் பொறியியலாளன். ஒருநாள் மாலை அவள் தொலைபேசியை எடுத்து, "சாப்பிட்டாயா, ராசா?" என்று கேட்கிறாள். "சாப்பிட்டேன் அம்மா" என்கிறான் அவன். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் வாசகர் மூன்று பக்கம் விண்கல வர்ணனையைக் கடந்திருப்பார். கடைசியில் எல்லாமே அந்தத் தாயின் கனவு. சிரிக்காதீர்கள், எழுதியபோது எனக்குப் புதிதாகத்தான் தோன்றியது.

ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. "பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரி எனக்குப் பழக்கமானது. அதை மடித்து லாச்சிக்குள் போட்டுவிடலாம். இந்தமுறை அப்படி இல்லை. ஓரங்களிலெல்லாம் சஞ்சிகை ஆசிரியரின் பென்சில் குறிப்புகள், கூடவே ஒன்றரைப் பக்கக் கடிதம். விண்கல வர்ணனைக்குப் பக்கத்தில், "இதை எனக்கு விற்கப் போகிறீர்களா?" என்று எழுதியிருந்தது. இன்னோரிடத்தில், "செவ்வாயில் எல்லாரும் டொக்டர், கப்டன். குழாய் திருத்துபவர் ஒருவரும் போகவில்லையா?" கனவு முடிவுக்கு நேரே ஒரு கோடு மட்டும். அதற்கு வார்த்தையைச் செலவழிக்கவும் அவர் விரும்பவில்லை.

"சாப்பிட்டேன் அம்மா" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: "எப்போது?"

கடிதத்தில்தான் அதற்கு விளக்கம். செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போதும் சுமார் 55 மில்லியன் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மிகவும் விலகிப்போனால் ஏறத்தாழ 400 மில்லியன். ஒளியும் வானொலி அலையும் ஒரு செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அப்படியென்றால் தாயின் கேள்வி மகனிடம் போய்ச் சேரவே மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். பதில் திரும்பிவர அதே அளவு நேரம். "உங்கள் கதையில் மகன் அடுத்த வரியிலேயே பதில் சொல்கிறான். அவன் செவ்வாயில் இல்லை, பக்கத்துத் தெஹிவளையில் இருக்கிறான்" என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானத்தைத்தான் பிழை பிடிக்கிறார், கதையின் உணர்வை இவர் தொடவே இல்லை என்று நினைத்தேன். பதிலுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நம் இலங்கையிலேயே ஐம்பது வருடம் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியான 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் இலங்கைத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி வைக்கவில்லையா? பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகும் மின்தூக்கிக்குப் பூமத்தியரேகையில் ஒரு மலை வேண்டியிருந்தது; நகர்த்திவிட்டார். அவர் ஒரு தீவை நகர்த்தலாம், நான் இருபது நிமிடத்தை மறக்கக்கூடாதா?

பதில் அட்டையில் வந்தது. "நகர்த்தியதை அவர் நூலின் பின்னுரையில் வாசகரிடம் சொல்லிவிட்டார். நீங்கள் நகர்த்தவில்லை, கவனிக்கவில்லை. அந்த நாற்பத்துநான்கு நிமிடம் அம்மா என்ன செய்கிறாள்? எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்."

நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். இதே கிளார்க் 1948இல் பிபிசியின் போட்டிக்கு எழுதிய ஒரு சிறுகதை பரிசு பெறவில்லை. பின்னர் அதுதான் 1968இல் வந்த உலகப் புகழ்பெற்ற விண்வெளித் திரைப்படம் ஒன்றுக்கு வித்தானது என்றார்கள். உண்மைதான். ஆனால் அவர் கதையும் தோற்றது, என் கதையும் தோற்றது என்பதோடு எங்கள் ஒற்றுமை முடிந்துவிடுகிறது.

அட்டையைச் சில நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விட்டுவிட்டது ஒளியின் வேகத்தை மட்டுமல்ல. அந்த ஒழுங்கை வீட்டில் ஒரு மனுஷி கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தபடி நிற்கிறாள். அவளை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நேரம் தானாகத் தெரிந்திருக்கும்.

திரும்ப எழுதினேன். விண்கலம் போயிற்று, கனவும் போயிற்று. இப்போது அவள் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, பிட்டை நீற்றுப்பெட்டியில் நிரப்பி அடுப்பில் வைக்கிறாள். கடற்கரை ரயில் ஒன்று போகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து போகிறாள். நாற்பத்துநான்காவது நிமிடம் மகனின் குரல் வருகிறது. அவள் எழுந்துபோய்ப் பிட்டை இறக்குகிறாள். எனக்கே மனம் நிறைந்தது. அனுப்பினேன்.

அதுவும் திரும்பி வந்துவிட்டது. இந்தமுறை ஒரே குறிப்புத்தான்: "நாற்பத்துநான்கு நிமிடம் ஆவியில் இருந்தால் பிட்டு என்னவாகும் என்று வீட்டில் கேளுங்கள்."

அம்மாவிடம் கேட்டேன். "பானையில் தண்ணீர் வற்றி அடி கருகிவிடும். யார் அந்தப் பெண், அடுப்படிப் பக்கம் போனதே இல்லையா?" என்றார்.

இப்போது மூன்றாவது பிரதி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் அவள் நான்கு நீற்றுப்பெட்டிப் பிட்டு அவிக்கிறாள், ஒன்றன்பின் ஒன்றாக.