ஒழுகாத கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருந்துகொண்டு இப்போதே புன்னகைக்கும் பெரியவர்களே, இந்த மழையிலும் நம் மலையகத்து மஸ்கெலியாவின் நாலா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் தாய்மாரே, தம்பி தங்கையரே, வணக்கம்.

இந்த ஊரில் தகர வேலை செய்து, இருபத்தேழு வயதில் ஈரக் கூரையிலிருந்து வழுக்கி விழுந்து மறைந்த நம் தம்பியின் முதலாம் ஆண்டு நினைவாக இந்த மன்றம் கூடியிருக்கிறது. இளவயதில் போய்விட்ட ஒரு தொழிலாளியின் வாழ்வு நினைவில் நிற்பது அவர் செய்துவைத்த வேலையாலா, நாம் எழுதிவைக்கும் வரலாற்றாலா என்பது தலைப்பு. எழுதிவைக்கும் வரலாற்றால்தான் என்று பேச வந்திருக்கிறேன். தம்பியின் பெயரை மட்டும் மேடையில் சொல்லமாட்டேன். அவருடைய அம்மா முன்வரிசையில் இருக்கிறார். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் என்ன ஆகிறது என்று கவனித்துவிட்டேன். பெயரை ஏட்டில் எழுதுவோம்.

எதிரணித் தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஐயா, அழகாகப் பேசினார். "அண்ணாந்து பாருங்கள், கடைவீதியில் பாதிக் கூரை அந்தப் பிள்ளை போட்டது, அதைவிட என்ன நினைவுச் சின்னம் வேண்டும்?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். பிறகுதான் யோசித்தேன். ஒழுகாத கூரையை யார் ஐயா அண்ணாந்து பார்க்கிறார்? சொட்டு விழுந்தால் பார்ப்போம். பார்த்து, போட்டவனைத் திட்டுவோம். உங்கள் வாதப்படி நம் தம்பி நம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அவர் வேலையை மோசமாகச் செய்திருக்க வேண்டும்!

அவரோ நன்றாகச் செய்தவர். எவ்வளவு நன்றாக என்று சொல்கிறேன், கேளுங்கள். நெளிந்த தகரத்தில் மேடும் பள்ளமும் இருக்கின்றன அல்லவா? ஆணியை மேட்டில்தான் அடிப்பார். பள்ளத்தில் ஆணி அடிப்பது எளிது, தகரம் மரத்தோடு ஒட்டி உட்காரும். ஆனால் மழைநீர் ஓடுவதும் அதே பள்ளத்தில்தான். கடை வாஷர் போதவில்லை என்றால் பழைய லொறி டியூப்பை வட்டம் வட்டமாக வெட்டி ஆணித்தலைக்குக் கீழே கொடுப்பார். மே மாதத்துத் தென்மேற்குக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்துதான் தகரத்தை அடுக்கத் தொடங்குவார். அப்போதுதான் ஒரு தகரத்தின் மேல் இன்னொன்று ஏறும் விளிம்பு காற்றுக்கு மறுபக்கம் அமையும். மழையை உள்ளே தள்ளக் காற்றுக்கு வழி இருக்காது.

இதில் ஒரு வரியைக்கூடக் கூரை எனக்குச் சொல்லவில்லை. நானும் பலமுறை அந்தக் கூரைகளுக்குக் கீழே நின்று தேநீர் குடித்திருக்கிறேன். தேநீரைப் பற்றித்தான் யோசித்தேன். தம்பியிடம் வேலை பழகிய பையன் சொன்னான், நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அதனால்தான் இன்று நீங்களும் கேட்கிறீர்கள்.

அடுத்து, அவர் செய்த வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலத்தில் நல்லதண்ணிப் பாதையில் கடைகளுக்குத் தகரம் அடித்தார். மார்கழிப் பௌர்ணமிக்கு ஏறும் தகரம் வெசாக் பௌர்ணமி கழிந்ததும் இறங்கிவிடும். மற்ற வேலையில் பெரும்பங்கு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் மேல் துருப்பிடித்த தகரம். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் கல்லும் பழைய டயரும். அதைக் கழற்றிப் புதுத் தகரம் போட்டுக்கொடுத்தார். சரி, அந்த லயங்களை என்ன செய்யச் சொல்லி நாம் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? இடிக்கச் சொல்லி. ஏழு பேர்ச் காணி, தனி வீடு, சொந்தப் பத்திரம் என்று கேட்கிறோம். அது கிடைக்கும் நாளில் தம்பியின் தகரமெல்லாம் எடைக்குப் போகும். போகத்தான் வேண்டும். கூரையில்தான் அவர் நினைவு இருக்கிறது என்றால், அந்த நினைவைக் காப்பாற்ற இந்தத் தாய்மார் இன்னும் ஐம்பது ஆண்டு லயத்திலேயே கிடக்க வேண்டுமா, அதிபர் ஐயா? அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் லயத்துத் தகரத்தைக் கழற்ற முதலில் ஏணி கொண்டுவருபவர் அவராகத்தான் இருப்பார்.

"எல்லா வேலையும் அழிந்துவிடுமா? கல்லில் கட்டியது நிற்காதா?" என்று எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார். நிற்கும். நம் ஊரிலேயே நிற்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் வெளியே தெரிகின்றன. பஸ் பிடித்து வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீருக்குள் இத்தனை காலம் தாக்குப்பிடித்த சுவரைக் கட்டிய மேசன் யார்? இந்த மண்டபத்தில் யாராவது ஒரு பெயர் சொல்லுங்கள். ஒருவரும் இல்லை. வேலை தண்ணீரைக்கூட வென்றுவிட்டது, வேலைக்காரன்தான் கரைந்துபோனான்.

கண்டி மகியாவ கல்லறையில், இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லர் இருக்கிறார். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார், 1892இல் இறந்தார் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள்கூடப் பத்திரமாக இருக்கின்றன. நல்லது, மகிழ்ச்சி. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டிக் கன்று வைத்த கைகள் யாருடையவை? தேயிலை இருக்கிறது, மலை இருக்கிறது, எதிரணி போற்றும் 'வேலை' முழுவதும் கண்முன்னே பச்சைப் பசேலென்று இருக்கிறது. கடிதம்தான் இல்லை.

நாம் எழுதிவைக்காததற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் பாட்டன்மார் எதைக் காட்டினார்கள்? காட்டை அழித்துப் போட்ட தோட்டத்தையும் பாதையையும் காட்டினார்கள். கேட்டவர்கள் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த உழைப்பு ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாகவில்லை. 1964இல் இரண்டு நாடுகள் உட்கார்ந்து, நாடற்றவராகிவிட்ட நம்மவரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தன; ஒன்றரை இலட்சம் பேரின் விடயத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தன. வேலையே சாட்சி சொல்லும் என்று நம்பியிருந்த சமூகத்துக்கு நடந்தது இது. அதே நம்பிக்கையை எதிரணி மறுபடியும் நம் கையில் கொடுக்கிறது.

ஆசிரியை அக்கா ஒரு நாட்டுப்பாடலைப் பாடிவிட்டு, "ஏடு இல்லாமலேயே இது வாழவில்லையா?" என்று கேட்டார். குரல் இனிமை, வாதம்தான் கொஞ்சம் சுருதி தப்பியது. மலையகத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற அதே மனிதர். அக்கா, நீங்கள் அந்தப் பாடலைப் பாட்டியிடம் கேட்டீர்களா, புத்தகத்தில் படித்தீர்களா? சிரிக்கிறார். நடுவர் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணி சொன்னதில் ஒன்றை மறுக்கமாட்டேன். நாம் எழுதும் விதம் கேவலமாகத்தான் இருக்கிறது. ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. பாசமிகு, நேசமிகு, பண்புமிகு. படத்தை மாற்றினால் போதும், எந்த மரணத்துக்கும் பொருந்தும். பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான தோட்டத் தியாகிகளுக்கும் அதே கதிதான். 1940இல் முல்லோயாவில் கோவிந்தன், 1977இல் டெவனில் சிவனு லெட்சுமணன் என்று ஆண்டுதோறும் மேடையில் சொல்கிறோம். சுடப்பட்ட நாள் நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாள் அவர்கள் என்ன வேலை செய்தார்கள், யாரிடம் கடன் பட்டிருந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாவை எழுதிவிட்டு வாழ்வை விட்டுவிடுகிறோம். நம் தம்பியின் மரணச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றிருக்கிறது. மேட்டில் ஆணி அடித்ததும், காற்றின் திசை பார்த்துத் தகரம் அடுக்கியதும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டன. நாம் எழுதாவிட்டால் அவரைப் பற்றி எஞ்சப்போகும் எழுத்து அது மட்டும்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இரண்டே நிமிடம், ஐயா.

தம்பியின் கொப்பி ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். லயத்து இலக்கம், கூரையின் நீளம் அகலம், எத்தனை தகரம், யார் எவ்வளவு தரவேண்டும் என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். சில கணக்குகளின் மேல் கோடு அடித்திருக்கிறது. பணம் வந்ததால் அடித்த கோடு எது, வராது என்று தெரிந்து அடித்த கோடு எது என்று அவரிடம் வேலை பழகிய பையனுக்குத்தான் தெரியும். அவன் தைப்பொங்கல் கழிந்ததும் கட்டாருக்குப் போகிறான். தம்பிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாஸ் ஐயா, குப்பிலாம்பும் வாளியும் செய்து இந்த ஊரில் பிழைத்தவர், இப்போது படுத்த படுக்கை. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது.

தீர்ப்பை நடுவர் ஐயா எப்படியும் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கொப்பியோடும் பையனோடும் நான் பாஸ் ஐயா வீட்டுக்குப் போகிறேன். எதிரணித் தலைவரின் கையெழுத்து அச்செழுத்து மாதிரி இருக்கும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதிபர் ஐயா, நீங்களும் வருவீர்களா?