திரையை அணையுங்கள், மனம் தானே எழும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்!

கற்பனையை வளர்ப்பது திரையா, திரை அணைந்த நேரமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "உலகமே உள்ளங்கையில் வருகிறது, பார்த்தால்தானே கற்பனை வரும்?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். பாதி நியாயம் இருக்கிறது. பார்க்கத்தான் வேண்டும், படிக்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் நினைப்பது எப்போது?

ஒரு குழந்தைக்குக் கதை சொல்லிப் பாருங்கள். "ஒரு பெரிய பூதம் வந்துச்சாம்" என்றதும், "அதுக்கு வால் இருக்கா?" என்று குறுக்கே கேட்கும். "நீயே சொல்லேன்" என்றால் விட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசிக்கும். "இருக்கு, ரெண்டு வால். ஒண்ணு தூங்குறப்ப போத்திக்க!" அந்த இரண்டாவது வாலை அதற்கு யார் கொடுத்தது? அதே பூதம் திரையில் வந்தால் வால், நிறம், குரல் எல்லாம் யாரோ முடிவு செய்து வைத்தவை. குழந்தைக்கு மிச்சமிருப்பது பார்க்கிற வேலை மட்டும்தான்.

"சும்மா இருந்தால் சலிப்புதானே?" என்றார் இன்னொருவர். வரட்டும் ஐயா! 2014-இல் சாண்டி மேன், ரெபெக்கா காட்மன் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு குழுவை உட்காரவைத்து, தொலைபேசிப் புத்தகத்திலிருந்து 15 நிமிடம் எண்களை எழுதச் சொன்னார்கள். பிறகு இரண்டு கப்புகளைக் கொடுத்து, இவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். அப்படிச் சலித்துப்போனவர்கள், அந்த வேலையைச் செய்யாதவர்களைவிட அதிக யோசனைகள் சொன்னார்கள். அடுத்த சோதனையில் எழுதக்கூட வேண்டாம், எண்களை வாசித்தால் போதும் என்றார்கள். அந்தக் குழு இன்னும் முன்னே போனது! கைக்கும் வேலையில்லாதபோது மனம் பகற்கனவுக்குள் நழுவுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

தனிமை எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், 15 நிமிடம் தன் நினைவுகளோடு மட்டும் இருக்க முடியாமல் 18 ஆண்களில் 12 பேர் தாங்களாகவே தங்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். நம் கை கைபேசிக்குப் போவதும் அந்தத் தவிப்பில்தான். அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறது எங்கள் அணி.

பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே ஒரு சிக்கலோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். பிறகு அதை மறந்துவிட்டு ஒரு பயணம் கிளம்பினார். வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் விடை பளிச்சென்று வந்தது. 1908-இல் அவரே சொன்ன சம்பவம் இது. எதிரணி கேட்கும் உழைப்பும் படிப்பும் அவரிடம் இருந்தன. ஆனால் விடை வந்தது, வேலை ஓய்ந்த அந்தப் படியில்!

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டிக்காக நிற்கும் நேரம், படியேறும் நேரம், ஜன்னலோரம் உட்காரும் நேரம் அத்தனையையும் திரைக்குக் கொடுத்துவிட்டால், அப்படி ஒரு விடை வந்து சேர எந்த நேரத்தை மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?