தூரத்தை அளந்து நடிக்கிறவர்: இயன் மெக்கெல்லன்

வணக்கம் மக்களே. லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல கேண்டால்ஃபா வர்றாரே, இயன் மெக்கெல்லன், இன்னிக்கு அவரைப் பத்தித்தான். "மேடையில பெரிய ஆளு, அப்புறம் சினிமாவுக்கு வந்தாரு"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. அது பத்தாது. பார்க்கிறவங்க எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு கணக்குப் போட்டு நடிக்கிறவர் அவர். அந்தக் கணக்குப் பிடிபட்டா அவரோட அறுபது வருஷமும் புரிஞ்சிடும்.

முன்கதைய வேகமா சொல்லிடறேன். 1939ல வடக்கு இங்கிலாந்துல பர்ன்லியில பிறந்தாரு. நடிப்புப் பள்ளி எதுக்கும் போகல. கேம்பிரிட்ஜ்ல படிக்கும்போது மாணவர் நாடகங்கள், 1961ல நேரா கவென்ட்ரி பெல்கிரேட் தியேட்டர்ல சம்பளத்துக்கு வேலை. அங்க 'ரெப்' முறை. ராத்திரி ஒரு நாடகம் ஓடும், பகல்ல அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை. 1969ல எடின்பரோ விழாவுல ரெண்டாம் ரிச்சர்டு, ரெண்டாம் எட்வர்டுன்னு ரெண்டு ராஜாவா நடிச்சாரு. அதுக்கப்புறம் அவர் பேருக்காகவே டிக்கெட் போச்சு.

நான் நின்னு பேச நினைக்கிறது 1976. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு ஸ்ட்ராட்ஃபோர்டுல பெரிய அரங்கு இருக்கு. ஆனா ஷேக்ஸ்பியரோட மெக்பெத் நாடகத்த அங்க போடல. 'தி அதர் பிளேஸ்'னு ஒரு தகரக் கொட்டகையில போட்டாங்க. இயக்கம் ட்ரெவர் நன், மெக்பெத்தா மெக்கெல்லன், அவன் மனைவி லேடி மெக்பெத்தா ஜூடி டென்ச். தரையில ஒரு வட்டம். சுத்தி மரப்பெட்டிங்க. காட்சியில இல்லாத நடிகர்களும் பெட்டி மேல உக்காந்து பார்த்துட்டே இருப்பாங்க. இடைவேளையே கிடையாது. முதல் வரிசைக்கும் நடிகருக்கும் நடுவுல ரெண்டு எட்டுதான்.

இவ்வளவு கிட்டத்துல என்ன சிக்கல்? பெரிய அரங்குல கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு குரல நெஞ்சுல இருந்து தூக்கிப் பேசுவாங்க. அதையே கொட்டகையில பேசினா கத்துற மாதிரி இருக்கும். சரின்னு குரலக் குறைச்சா இன்னொரு வம்பு. வரியோட கடைசி வார்த்தை விழுந்துடும். ஷேக்ஸ்பியர் வரியில கனமான வார்த்தை பெரும்பாலும் கடைசியிலதான் நிக்கும். அதனால சத்தத்தக் குறைக்கலாம், மூச்சக் குறைக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசினாலும் வரி முடியற வரைக்கும் காத்து இருக்கணும்.

மனைவி செத்துட்டான்னு சேதி வந்ததும் மெக்பெத் பேசுவானே, 'டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ', அந்த இடத்த எடுத்துக்குங்க. மெழுகுவர்த்தி, நிழல், மேடையில கொஞ்ச நேரம் துள்ளிட்டுப் போற நடிகன், முட்டாள் சொல்ற கதைன்னு படிப்படியா இறங்கும். கடைசி வரி 'சிக்னிஃபையிங் நத்திங்'. எண்ணிப் பாருங்க, ஆறே அசை (இங்கிலீஷ் சிலபிள்). ஒரு முழு வரிக்குப் பத்து அசை வேணும். மிச்சம் நாலு அசைக்கு எழுத்தே இல்ல, மௌனம்தான். அவசரமா அடுத்த வரிக்குப் போனா அந்தக் காட்சி போச்சு. இதே பேச்சத்தான் மெக்கெல்லன் தன்னோட 'ஆக்டிங் ஷேக்ஸ்பியர்' தனிநபர் நிகழ்ச்சியில வார்த்தை வார்த்தையா பிரிச்சுக் காட்டுவாரு. தேடிப் பாருங்க, நடிப்பு கத்துக்கிறவங்களுக்கு அது பொக்கிஷம்.

அந்த மெக்பெத்த தேம்ஸ் டிவி படம் பிடிச்சு 1979ல ஒளிபரப்புச்சு. கறுப்புப் பின்னணி, முகம் மட்டும். கொட்டகையில பழகின அளவு குளோசப்புக்கு அப்படியே பொருந்திடுச்சு. என் கணிப்புல, அவரோட சினிமா வாழ்க்கைக்கு அஸ்திவாரம் அங்கதான் விழுந்துச்சு.

1981ல அமேடியஸ் நாடகத்துல சலியேரி வேஷத்துக்கு டோனி விருது, அமெரிக்க மேடை நாடகத்துக்குக் குடுக்கிறது. 1990ல லண்டன் நேஷனல் தியேட்டர்ல ஷேக்ஸ்பியரோட மூணாம் ரிச்சர்டு. அதை 1995ல படமா எடுத்தப்போ திரைக்கதைய இயக்குநர் ரிச்சர்ட் லோன்க்ரேனோட சேர்ந்து அவரே எழுதினாரு. கதை 1930கள்ல பாசிசம் தலைதூக்கின ஒரு கற்பனை இங்கிலாந்துக்கு மாறிடுச்சு. மேடையில தனிமொழி பேசும்போது சபையைப் பார்த்துப் பேசலாம். சினிமாவுல யாரப் பார்க்கிறது? அவங்க செஞ்சது இது: தொடக்கப் பேச்சோட முதல் பாதி விருந்துல, மைக் முன்னாடி, ஊருக்குக் கேக்குற மாதிரி. மீதி கழிப்பறையில, அவனுக்குள்ளயே. அங்க கண்ணாடியில நம்மளப் பார்த்துடுவான். அதுல இருந்து கேமராதான் அவனுக்குக் கூட்டாளி. அடுத்து பிணவறைக் காட்சி. ரிச்சர்டுக்கு ஒரு கை விளங்காது. அவன் மயக்கப் பார்க்கிற விதவை ஆன், அவ விரல்ல மோதிரம் போடணும், தன் விரல்ல இருக்கிறத எப்படிக் கழட்டுவான்? வாயால. எச்சில் ஈரத்தோட அது அவ விரல்ல ஏறும். வசனமே வேணாம், அவன் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சிடும்.

அப்போ அவருக்கு வயசு 56. 1998ல வந்த காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ் படத்துக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை, 2000ல எக்ஸ்-மென், 2001ல கேண்டால்ஃப்.

மந்திரவாதி கேண்டால்ஃப் பெருசா, குட்டை இனத்துக்காரன் ஃபுரோடோ குட்டியா தெரிய பல வழி வெச்சாங்க. ஒண்ண நீங்க வீட்டுலயே செய்யலாம். ஒரே அளவுல ரெண்டு டம்ளர் எடுங்க. ஒண்ணு போன் கேமராவுல இருந்து 2 அடியில, இன்னொண்ணு 3 அடியில. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி வைங்க. லென்ஸ டம்ளர் உயரத்துக்கு இறக்குங்க. தூரத்து டம்ளர் மூணுல ரெண்டு பங்கா தெரியும். சினிமா கேமராவுல ரெண்டுமே தெளிவா இருக்கணும்னா வெளிச்சம் நிறைய வேணும், கம்மியானா பின்னாடி இருக்கிறது மங்கிக் குட்டு உடைஞ்சிடும். படத்துல வர்ற குதிரை வண்டிய இப்படித்தான் கட்டினாங்க. பக்கத்துல உக்காந்த மாதிரி தெரியும், ஆனா ஃபுரோடோ நிஜத்துல பின்னாடி தள்ளி இருப்பான். அப்போ மெக்கெல்லன் எதிராளியோட கண்ணப் பார்த்துப் பேசக் கூடாது. பார்த்தா பார்வை கோணிடும். ஆளில்லாத இடத்தப் பார்த்து அவ்வளவு பாசத்தக் கொண்டு வரணும்.

இப்போ அதே டம்ளரப் போன் இல்லாம ரெண்டு கண்ணாலயும் பாருங்க. எது முன்னாடி, எது பின்னாடின்னு உடனே தெரிஞ்சிடுதா? கேண்டால்ஃப் மறுபடி வர்ற 'தி ஹாபிட்' படத்த 3டில, அதாவது ரெண்டு கண்ணு மாதிரி ரெண்டு லென்ஸ்ல, எடுத்தப்போ இந்த வித்தை செத்தது அதனாலதான். 13 குள்ளர்களும் ஒரு செட்டுல. மெக்கெல்லன் தனியா பச்சைத் திரை அறையில. ரெண்டு கேமராவும் ஒண்ணோட அசைவுக்கு ஏத்தாப்ல இன்னொண்ணு நகரும். அவருக்கு முன்னாடி கம்பு மேல குள்ளர்களோட போட்டோ. யார் பேசுறாங்களோ அந்தப் போட்டோவுல விளக்கு எரியும். அவர் அங்க அழுதுட்டாரு. கொட்டகையில ரெண்டு எட்டுல ஆளுங்களப் பார்த்து நடிச்சவருக்கு எதிர்ல மனுஷன் இல்லன்னா எப்படி இருந்திருக்கும்!

மேடைய அவர் விடவே இல்ல. 2017ல சிச்செஸ்டர்ல சின்ன மினர்வா அரங்குல ஷேக்ஸ்பியரோட லியர் ராஜா. 2019ல 80 வயசுக்கு 80 அரங்குல தனிநபர் நிகழ்ச்சி. 2021ல வின்ட்சர்ல, 82 வயசுல, ஹாம்லெட்.

2024 ஜூன், லண்டன் நோயல் கவர்ட் தியேட்டர், 'பிளேயர் கிங்ஸ்' நாடகத்துல ஃபால்ஸ்டாஃப், ஷேக்ஸ்பியரோட தொந்திக்கார வேடிக்கை ஆளு. சண்டைக் காட்சியில கால் நாற்காலியில மாட்டிடுச்சு. உதறப் பார்த்தாரு. மேடை பூரா செய்தித்தாள் இறைஞ்சு கிடந்துச்சு, அது மேல வழுக்கி முன்வரிசைப் பக்கம் கீழ விழுந்துட்டாரு. மணிக்கட்டுல முறிவு, முதுகெலும்புல ஒரு சில்லு. ஃபால்ஸ்டாஃப் தொந்திக்காகப் போட்டிருந்த பஞ்சு உடுப்புதான் விலா எலும்பக் காப்பாத்துச்சுன்னு அவரே சொன்னாரு. மிச்ச காட்சிகளுக்கு மாற்று நடிகர் அந்தத் தொந்தியக் கட்டிக்கிட்டு ஏறினாரு.